மணி அடிக்காத மதியம்

முட்டாள்கள் பிறந்த ஊரைத் தாண்டுவதில்லை என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இது பெரும்பிழை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அறிவைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது.

ஆகவே எண்ணெய்க் கம்பெனி நடத்திய குலுக்கலில் சாத்தூர் சேவுக்கடை தங்கமாரியப்பனுக்கு மூன்று பேர் போகும் வெளிநாட்டுப் பயணம் பரிசாக விழுந்தபோது, மச்சினன் பால்வண்ணனும் சகலை சங்கிலியும் கூடவே கிளம்பினார்கள். ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில், மலைமேல் சுண்ணாம்பு அடித்த வீடுகளாக ஒரு குட்டி ஊர். அங்கே ஒரு கிராமத்து வீட்டில் ஒரு வாரம் தங்கல்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் மாலை சாத்தூரில் தங்கமாரியப்பன் மகளுக்கு நிச்சயதார்த்தம். சாயங்காலம் மலையிறங்கும் ஒரே பஸ்ஸைப் பிடித்தால்தான் விமானம். விமானத்தைப் பிடித்தால்தான் நிச்சயத்துக்கு அப்பா. ஒரு வாரமாக அவருக்கு இதே கவலை.

வீட்டுக்காரி ரெமேதியோஸ் நல்ல மனுஷி. தான் பேசுவதைச் செல்போன் தமிழில் சொல்ல, அவள் விளக்கினாள்: மதியச் சாப்பாடு ஆனதும் ஊரே தூங்கும். மாதா கோயில் கடிகார மணி ஐந்து அடித்தால்தான் எழும். மணி கேட்டதும் பஸ் புறப்படும். அதுவரை யார் தூக்கத்தையும் கெடுக்கவேண்டாம். சொல்லிவிட்டு அவளும் தூங்கப் போனாள்.

மூவரும் பெட்டிகளோடு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தார்கள். அங்கே நீரூற்று சலசலத்துக்கொண்டிருந்தது. பால்வண்ணன் தங்கமாரியப்பனின் நிச்சயதார்த்தப் பட்டுத் துண்டை அதன் வாயில் திணித்து அடக்கினான். அடுத்து அவன் பார்வை கோயில் கோபுரத்துக்குப் போனது.

"அத்தான், மணி அடிச்சா தூக்கம் கெடுமா, கெடாதா?"

"கெடும்தான்."

"கெடுக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்களா, இல்லையா?"

தங்கமாரியப்பன் சதுக்கத்து ஓரம் நின்ற பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "மணி அடிக்கலேன்னா பஸ் கிளம்பாதேடா."

சங்கிலி நிதானமாகச் செருமினார். "சகல, யோசிச்சுப் பாருங்க. பஸ் கிளம்பினாத்தான் அதை நாம விட்டுருவோமோங்கிற பயம். கிளம்பாத பஸ்ஸை எவனாவது விட முடியுமா?"

ஒரு வாரக் கவலை அந்த நிமிஷமே தீர்ந்தது. தங்கமாரியப்பன் தாமே முன்னின்று கோபுரத்தில் ஏறி, மணியின் நாக்குக்குத் தம் கம்பளியைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார்.

இறங்கி வந்தால், ஊர்க்கட்டுப்பாட்டை மீறி ஒரு ஆள் முழித்திருந்தான். காக்கிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஊரே தூங்கும்னாங்க. அப்ப இவன் ஊர்ல சேத்தியில்லையா?" என்றார் தங்கமாரியப்பன்.

மூவரும் அவனைத் தூக்கிக்கொண்டுபோய், தாங்கள் காலிசெய்த கட்டிலில் கிடத்தினார்கள். அவன் கையை ஆட்டி என்னென்னவோ சொன்னான். தூக்கத்தில் உளறுகிறான் என்று பால்வண்ணன் இரக்கப்பட்டான். சங்கிலி காலை அமுக்கிவிட்டார். சகலை கடையில் முப்பது வருஷம் சேவு மாவு பிசைந்த கை. கொஞ்ச நேரத்தில் டிரைவர் குறட்டைவிட ஆரம்பித்தான். அதுவும் சத்தம்தான் என்பதால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.

பிறகு பஸ் அருகே பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்தது. கம்பளிக்குள் மணி ஐந்து தடவை தும்மியது. ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

தங்கமாரியப்பனின் போன் அலறியது, மகள்தான். தூக்கம் கெடுமே என்று பதறி அதை அணைத்துவைத்தார்.

"என்னா ஒழுக்கம் பாத்தீங்களா," என்றார் சங்கிலி, இருட்டிய வீடுகளைப் பார்த்து. "நம்மூர்ல இந்நேரம் நாலு பேராவது முழிச்சிருப்பான்."

"பஸ்ஸும் அப்படியே நிக்குது, அத்தான்," என்றான் பால்வண்ணன். தங்கமாரியப்பன் நிம்மதியாகத் தலையாட்டினார்.

மறுநாள் சாத்தூரில் குறித்த நேரத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. அப்பா வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்பதால், அவர் நாற்காலியில் அவருடைய பெரிய போட்டோவை வைத்திருந்தார்கள். போட்டோ வெறுமையாக இருக்கிறதே என்று பால்வண்ணனின் தம்பி அதற்கு ரோஜா மாலை போட்டு, பொட்டு வைத்து, ஊதுபத்தியும் ஏற்றினான்.

மாப்பிள்ளை வீட்டார் போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டார்கள். காப்பியைக் குடிக்காமல் எழுந்து, கல்யாணத்தை ஒரு வருஷம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனார்கள்.