அரண்மனைக்கு முன்னே வந்த நிழல்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, ராஜாக்கள் மலிந்து கிடந்த ஒரு நாளில், மலைமேல் குன்றவாயில் என்றொரு தலைநகரம் இருந்தது. அங்கே கிணறுகள் வற்றிக்கொண்டே வந்தன, தெருக்களில் ஜனம் நெருக்கியடித்தது. ராஜா சந்திரகேதுராயர் நல்லவர். கோபப்பட மாட்டார், பொய் சொல்ல மாட்டார், எந்த முடிவுக்கும் வர மாட்டார். கடைசியில் சொன்னதுதான் அவரிடம் குறை.

வருஷத்துக்கு ஒருமுறை, மாசி அமாவாசையன்று பெரிய சபை கூடும். ஒரு வருஷம் பெரிய அமைச்சர் எழுந்து, தலைநகரைக் கடற்கரைக்கு, கழிமுனைக்கு மாற்றிவிடலாம் என்றார். அங்கே இடம் தாராளம், கப்பல் வரும், அந்த ஏழைச் சீமையும் தலையெடுக்கும் என்றார். சின்ன அமைச்சர் எழுந்து, கூடவே கூடாது என்றார். அங்கே புயல் அடிக்கும், பாதை கிடையாது, முன்னோர் ஆண்ட ஊரை விட்டுப் போவதா என்றார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. இரண்டு பேருமே கழிமுனையைக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தச் சபையில் நிழலாண்டி என்றொரு மந்திரவாதி இருந்தான். இருநூறு வயசு, பார்த்தால் இருபத்தைந்து. எங்கேயாவது ஒரு நிழல் வளர்ந்தால் அவன் வயசு குறையும், அப்படி ஒரு வித்தை அவனிடம். அவன் சந்தனக் கட்டையில் செதுக்கிய சின்ன அரண்மனை ஒன்றை எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்தான். சுவரில் ஏழு கோபுரத்தோடு நிழல் விழுந்தது. "புது அரண்மனை இப்படித்தான் இருக்கும், மகாராஜா" என்றான். ராஜாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. "நன்றாயிருக்கிறது. யோசிப்போம்" என்றார்.

அவர் அதைச் சொன்னதும் சுவரிலிருந்த நிழல் மறைந்தது. மலையிறங்கி, ஆறு தாண்டி, கழிமுனை உப்பளத்தின்மேல் போய் விழுந்தது.

கழிமுனையில் மொத்தம் நாற்பது பாத்தி. கடல்தண்ணீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, உப்பு வாரித்தான் ஊரே கஞ்சி குடித்தது. நிழல் வந்து பத்துப் பாத்தியை மூடியது. வெயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது நகரவில்லை. அரண்மனையைக் காணோம், அதன் நிழல் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது! பத்துப் பாத்தியிலும் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது.

அந்த ஊரில் பவளாயி என்றொரு பெண். நிழல் மூடிய பத்துப் பாத்தியில் இரண்டு அவளுடையது. அடுத்த மாசி வந்ததும் அவள் ஒன்பது நாள் நடந்து குன்றவாயிலுக்குப் போனாள். காவலாளிகள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அமைச்சர்கள் பேசி முடித்தார்கள், ராஜா "யோசிப்போம்" என்றார். பவளாயி ஊர் திரும்பிப் பார்த்தால் நிழல் இருபது பாத்தியை மூடியிருந்தது.

மறு மாசியும் போனாள். இந்தத் தடவை பெரிய அமைச்சர் வரைக்கும் விட்டார்கள். தலைநகரம் வரப்போகிறது, சந்தோஷப்படாமல் உப்புக்கு அழுகிறாயே என்று அவர் அனுப்பிவிட்டார். உள்ளே ராஜா "யோசிப்போம்" என்றார். ஊர் திரும்பினால் நிழல் முப்பது பாத்தியை மூடியிருந்தது. என்றைக்கு வளர்ந்தது என்று பவளாயி விசாரித்தாள். இரண்டு தடவையும் அமாவாசை அன்று, உச்சிப்பொழுதில் என்றார்கள். உள்ளே ராஜா "யோசிப்போம்" என்றது அவள் காதில் விழுந்த அதே வேளை. அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

இன்னும் பத்துப் பாத்திதான் மிச்சம். அதுவும் போனால் ஊர் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்றாம் மாசியில் பவளாயி தன் பாத்தித் தண்ணீரை ஒரு குடத்தில் மொண்டு, தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் அரண்மனை முற்றத்தில் ஒரு தாம்பாளத்தை வைத்து அதில் கொஞ்சம் ஊற்றினாள். காவலாளிகள் விரட்டினார்கள். மாடியிலிருந்து பார்த்த ராஜா, இருக்கட்டும் என்று கை காட்டினார். மலை வெயில் சுள்ளென்று அடித்தது. மறுநாள் சபை கூடும் நேரத்தில் தாம்பாளத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு.

ராஜாவே கை காட்டியிருந்ததால் காவலாளிகள் தடுக்கவில்லை; அதைக் கொண்டுபோய் ராஜா முன்னால் வைத்தாள். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரையும் காட்டினாள். நிழலில் மூன்று வருஷம் கிடந்து விளையாதது இங்கே இரண்டே பகலில் விளைந்துவிட்டது என்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

நிழலாண்டி குறுக்கே வந்தான். இது பெரிய விஷயம், அவசரப்படக் கூடாது, நிதானமாக யோசிக்கலாம் என்றான். ராஜா வழக்கம்போல வாயைத் திறந்தார்.

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லிராதிய, மகாராசா" என்றாள் பவளாயி. "நீங்க அதச் சொல்லும்போதெல்லாம் எங்க ஊர்ல நிழல் வளருது. அரண்மன வரட்டும், வராமப் போவட்டும். நிழல் மட்டும் முன்னால வந்து குந்தக் கூடாது."

ராஜா திறந்த வாயை மூடிக்கொண்டார். அமைச்சர்களைப் பார்த்து, கழிமுனைக்கு யாராவது போயிருக்கிறீர்களா என்று கேட்டார். போனதில்லை என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு பவளாயியிடம் திரும்பினார்.

"நீ சொல்லம்மா. உங்கள் ஊருக்குத் தலைநகரம் வேண்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை.

"பாதிப் பேருக்கு வேணும். எங்க அண்ணனே வேணும்பான். தலைநகரம் வந்தா பாதை வரும், நல்ல தண்ணிக் கெணறு வரும், வைத்தியர் வருவாருன்னு ஆச. அவன் பொஞ்சாதி பிள்ளப்பேத்துல, வைத்தியர்ட்ட போற வழியிலதான் செத்தா. எனக்கு வேண்டாம். எனக்கு உப்பு வேணும்."

ராஜா தாம்பாளத்து உப்பில் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பாதைக்கும் கிணற்றுக்கும் வைத்தியருக்கும் நான் அங்கே குடிவர வேண்டியதில்லையே. அனுப்பினால் போதுமே" என்றார். பிறகு எழுந்து நின்று, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு முடிவைச் சொன்னார். "தலைநகரம் நகராது. இந்த ஊர் ஏரிகளைத் தூர் வாருங்கள். நாளைக் காலையில் கழிமுனைக்குப் பாதை போட ஆள் புறப்படட்டும்."

அந்த நொடியில் கழிமுனையில் நிழல் ஓரத்திலிருந்து சுருண்டு சுருண்டு, ஒரு கைக்குட்டை அளவாகிக் காணாமல் போனது. சபையில் நிழலாண்டிக்கு முடி நரைத்தது, முதுகு வளைந்தது, இருநூறு வயசும் ஒன்றாக வந்து ஏறியது. காவலாளிகள் அவனை இழுத்துப்போக வந்தார்கள். பவளாயிதான் தடுத்து, இந்தக் கிழவனை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, தன் ஊருக்குக் கூட்டிப்போய்க் கஞ்சி ஊற்றினாள். அங்கே புதுக் கிணறு வெட்டியதும் அவன் வழிப்போக்கருக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும் வேலையை வாங்கிக்கொண்டான்.

அந்தக் கோடையில் நாற்பது பாத்தியிலும் உப்பு விளைந்தது. பாதை முடிந்ததும் அதில் முதலில் வந்தது வைத்தியரின் வண்டி. பவளாயியின் அண்ணன் வரப்பில் நின்று அதையே பார்த்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்காரனுக்கு வழி காட்ட முன்னால் நடந்தான்.

அவர்கள் ஊரில் அடித்த வெயில் நம் ஊரிலும் அடிக்கட்டும். கதை அவ்வளவுதான்.