பெருச்சாளி அடைத்த கடைசி வாசல்

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மதில் சுவருக்குக் கீழே கன்னியப்பன் என்ற பெருச்சாளி வளை தோண்டிக் குடியிருந்தான். மனைவி பெயர் அலமேலு. குட்டிகள் மூன்று. மூன்றும் இன்னும் கண் திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கால்வாய். அதன் கரையில் பச்சையம்மா என்ற நண்டு வசித்தாள்.

அன்று காலையிலிருந்தே புயல் வருகிறது, புயல் வருகிறது என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. மாடி வீடுகளில் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்கி வைத்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்தார்கள். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். கன்னியப்பன் மட்டும் சும்மா இருப்பானா? எங்கெங்கோ திருடிச் சேர்த்த அரிசியை வளையின் அடித்தட்டில் குவித்தான். பிறகு ஒவ்வொரு வாசலாக மண்ணைத் தள்ளி அடைக்க ஆரம்பித்தான்.

பெருச்சாளி வளைக்கு ஒரு வாசல் போதாது. நாலைந்து இருக்கும். மற்றதையெல்லாம் கெட்டியாக அடைத்தாலும், பின்வாசலில் மட்டும் பொடிமண்ணைத்தான் தூவி வைப்பார்கள். ஆபத்து என்றால் ஒரே முட்டு, வெளியே ஓடிவிடலாம். பெருச்சாளிகள் வளை தோண்டக் கற்ற நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

நம்ம கன்னியப்பன் அந்தப் பின்வாசலையும் கெட்டி மண் போட்டு, காலால் மிதித்து, முதுகால் அழுத்தி அடைத்தான்!

அலமேலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏங்க! இதை ஏன் அடைக்கிறீங்க? அவசரத்துக்கு எப்படி வெளியே போறது?"

"உனக்கு ஊர் உலகம் தெரியாது அலமேலு! புயல்னு சொன்னா போதும். ஓணான் வரும், சுண்டெலி வரும், 'அண்ணே, ஓரமா ஒண்டிக்கறேன்'னு கெஞ்சும். உள்ளே விட்டா அரிசியிலே வாய் வைக்கும். அப்புறம் நம்ம பிள்ளைங்க என்ன சாப்பிடும்?"

அலமேலு குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

உச்சி வேளையில் காற்று ஊளையிட ஆரம்பித்தது. ஏதோ தகரம் பறந்து போய் விழுந்தது. கன்னியப்பன் பின்வாசலில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மண் அசையவில்லை. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"டொக்! டொக்!"

"யாரது?"

"நான்தாண்ணே, பச்சையம்மா! கதவைத் திறங்க!"

கன்னியப்பன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். "பாத்தியா? சொன்னேனா இல்லையா? முதல் ஆள் வந்தாச்சு!"

"அண்ணே! ஏரி மதகைத் திறந்துட்டாங்க! கால்வாய் நிரம்புது. என் வளைக்குள்ளே தண்ணி அடியிலிருந்து ஊறி வருது. உங்க வளைக்கும் வரும். பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு வெளியே வாங்க!"

"அடேயப்பா, என்ன சாமர்த்தியம்! நாங்க வெளியே வரணும், நீ உள்ளே போய் அரிசி மேலே கால் நீட்டிப் படுக்கணும். அப்படித்தானே? போ, போ! வேற ஆளைப் பாரு!"

பச்சையம்மா போகவில்லை. வெளியிலிருந்து மண்ணைக் கிளறத் தொடங்கினாள். சிறிது நேரத்தில் அவளுடைய கொடுக்கு ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. "வீட்டுக்குள்ளேயே கை நீட்டுறியா?" என்று கன்னியப்பன் பாய்ந்து அதைக் கடித்தான்.

கடக்!

கொடுக்கு முறிந்து அவன் வாயோடு வந்துவிட்டது. வெளியே ஓர் அலறல் கேட்டது. பிறகு காற்றின் சத்தம் மட்டும்தான்.

"அடப்பாவி மனுஷா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்று அலமேலு தலையில் அடித்துக்கொண்டாள்.

கன்னியப்பன் கொடுக்கைத் துப்பினான். பயமுறுத்தத்தான் கடித்தான். முறியும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் வீம்பு விடுமா? "திருட வந்தா இப்படித்தான்" என்று முணுமுணுத்துவிட்டு, மண் விழுந்த இடத்தை மறுபடி அடைத்தான்.

"ஏங்க, அரிசி ஈரமா இருக்கே!"

கன்னியப்பன் திரும்பினான். அரிசிக் குவியலின் அடியிலிருந்து குபுகுபுவென்று தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவன் திகைத்துப்போனான். வாசல் எல்லாம் அடைத்திருக்கிறது, கூரை அப்படியே இருக்கிறது, தண்ணீர் எந்த வழியாக வந்தது? தரை வழியாக வந்தது! அவன் யோசித்து முடிப்பதற்குள் அரிசி முழுகியது. குட்டிகள் கீச்சிட்டன.

பின்வாசலுக்கு ஓடினான். அவன் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய மண் இப்போது களியாகிவிட்டது. ஒரு பிடி தோண்டினால் இரண்டு பிடி சரிந்தது. தண்ணீர் அலமேலுவின் கழுத்துக்கு வந்துவிட்டது. அவள் குட்டிகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"ஐயோ! யாராவது வாங்களேன்! என் பிள்ளைங்க சாகுதே!" என்று கன்னியப்பன் கதறினான்.

அப்போது வெளியே சரக், சரக்கென்று சத்தம் கேட்டது. மண் பெயர்ந்தது. வெளிச்சம் தெரிந்தது. அந்த ஓட்டையில் ஒரு கொடுக்கு தெரிந்தது. ஒன்றே ஒன்று.

"குட்டியைக் கொடுங்கண்ணே! சீக்கிரம்!"

ஒவ்வொன்றாக மூன்று குட்டிகளும் வெளியே போயின. அலமேலு போனாள். கடைசியில் கன்னியப்பன் தவழ்ந்து வந்தான். மழையில் நனைந்தபடி எல்லோரும் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறினார்கள். மறுநிமிடம் மதில் சுவரின் அடிப்பகுதியே வெள்ளத்தில் காணாமல் போனது.

கன்னியப்பனால் பச்சையம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சுடும்மா. எங்களோடயே இந்தப் படியிலே ஒண்டிக்கோ. இந்த வெள்ளத்திலே நீ எங்கே போவே?"

பச்சையம்மா அவனை விநோதமாகப் பார்த்தாள். "நான் எதுக்குண்ணே ஒண்டணும்? நான் நண்டு. தண்ணி எனக்கு வீடு மாதிரி. எந்த வெள்ளமும் என்னை ஒண்ணும் பண்ணாது."

கன்னியப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அப்படின்னா... எதுக்கு வந்தே?"

"உங்க பிள்ளைங்க இன்னும் கண்ணே திறக்கலையேன்னுதான் வந்தேன்."

"கை... வலிக்குதா?"

"வலிக்காம இருக்குமா? உயிர் போகுது" என்றாள் பச்சையம்மா. பக்கவாட்டில் நடந்து படியிறங்கி, வெள்ளத்துக்குள் போய்விட்டாள்.

கதவைத் தட்டுகிறவர் எல்லோரும் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைப்பவன், கொடுக்க வந்தவரையும் கடித்துத் துரத்திவிடுவான்.