பக்கிரிசாமி காலுக்கு அடியுரம்

ஒதியங்குடியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் நாலு பேர். நாலு பேர் மூளையையும் வழித்தெடுத்தால் ஒரு கரண்டி தேறாது. ஆனால் தங்கமான மனுஷர்கள்.

அவர்களில் பக்கிரிசாமிக்கு நாலு எட்டு வைத்தாலே இடது கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. டாக்டரம்மாவிடம் போனான்.

"காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. பீடியை விடுங்க. தினம் அரைமணி நடங்க, அதுதான் முக்கியம். வலிச்சா நின்னு, வலி விட்டதும் நடங்க. இந்த வைட்டமின் மாத்திரை சும்மா துணைக்கு. அசட்டையா இருந்தா காலே போயிடும்."

பக்கிரிசாமி குனிந்து காலைப் பார்த்துக்கொண்டான். கால் போனால் வரப்பில் எப்படி நிற்பது? வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை வாயில் போடப் போனான். கூட்டாளிகள் மூவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வியாதி எங்கடா இருக்கு?" என்றான் மூத்தவன் தைலப்பன்.

"கால்ல."

"வாயில போட்டா வயிறு எடுத்துக்கும், மிச்சத்தைத் தொடை எடுத்துக்கும். வாய்க்கால் முடியற கடைமடைக்கு என்னைக்குத் தண்ணி முழுசா வந்து சேர்ந்திருக்கு?"

"உரத்தை வேர்லதான் வைக்கணும்" என்றான் கலியன்.

பக்கிரிசாமிக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. கடைமடைக்காரர்கள் அழுததை வருஷா வருஷம் பார்த்தவனாயிற்றே.

மறுநாள் வாய்க்கால் ஓரம் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். அவன் இடது காலை இறக்கி, சுற்றிலும் மாத்திரையைத் தூவி, மண் அணைத்துத் தண்ணீர் விட்டார்கள்.

"நடக்கச் சொன்னாங்களேப்பா" என்றான் பக்கிரிசாமி, கவலையோடு.

மூவரும் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்கள்.

"அரைமணிதானே? ஆளுக்குப் பத்து நிமிஷம் நாங்க நடந்துடுறோம்" என்றான் மாசிலாமணி.

அப்படியே தினமும் அவனைச் சுற்றி நடந்தார்கள். அவன் விட்ட பீடிக்கட்டு வீணாகக் கூடாதென்று ஆளுக்கொன்று பற்றவைத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் ஆயிற்று. வலி குறையவில்லை. பக்கிரிசாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

"இவனுக்காக நடந்து நடந்து எங்க காலும் வலிக்குது" என்றான் தைலப்பன். "ஒருத்தன் வயலுக்குப் பத்து நாள் பாய்ச்சினா அடுத்தவனுக்கு முறை விடணும். இனிமே எங்க முறை."

முறை என்றால் முறைதான். பக்கிரிசாமி வெளியே வந்தான். மூவரும் இன்னும் இரண்டு குழி வெட்டி, ஆளுக்கொரு குழியில் கால் புதைத்து வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு அரைமணி வீதம் ஒன்றரை மணி நேரம் அவன் நடக்க வேண்டியதாயிற்று. வலித்தால் நின்றான், விட்டதும் நடந்தான். சினேகிதர்கள் கால் போய்விடக் கூடாதே என்று ஒரு நாள் தவறவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "பரவாயில்லையே, ரத்தம் நல்லா ஓடுது. கால் தப்பிச்சுது."

பக்கிரிசாமி சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டான்.

"என் கூட்டாளிங்க மூணு பேரையும் கொஞ்சம் பாருங்கம்மா. பாதியில பிடுங்கினா வாடிடுவாங்கன்னு மண்ணோட பெயர்த்து, சாக்கு சுத்தி, டிராக்டர்ல கொண்டாந்திருக்கேன். நர்சம்மாவை ஒரு குடம் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, வெயில் ஏறுது."