கூடத்துக்குள் வந்த ராஜகோபுரம்

வெகு காலத்துக்கு முன்னால் செங்கழனி நாட்டைச் சேதிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஒரு ஆசை, மாலையில் வேறொரு ஆசை என்று அவரை அவருடைய ஆசைகள்தான் ஆண்டன. அவர் சபையில் அலங்கார அதிகாரியாக இருந்தவர் தில்லைநாயகம். தோரணம் கட்டுவதையும் திரைச்சீலை மாற்றுவதையும் மேற்பார்வை பார்க்கும் வேலை. ஆனால் நடந்து வருகிற தோரணையைப் பார்த்தால் வானத்துக்கு நீலம் அடித்ததே இவர்தான் என்று தோன்றும்.

மந்திரி மருதமுத்துவைக் கண்டாலே தில்லைநாயகத்துக்கு வயிறு எரியும். மந்திரியின் ஆசனம் ராஜாவின் வலது கைப்பக்கம். இவருடையது ஒரு தூணுக்குப் பின்னால். அந்தத் தூணைத் தாண்டி மந்திரியின் ஆசனத்துக்கு எப்படி வருவது என்பதே அவருக்கு எப்போதும் யோசனை.

கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. தலைநகரான கடம்பனூர்க் கோயிலின் ராஜகோபுரம் நாட்டுக்கே பெருமை. அதைப் போலவே ஒன்றை மரத்தாலும் சுண்ணாம்பாலும் தன் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்குச் செய்தார். செய்தார் என்றால், தச்சர்கள் செய்தார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றார். வேலை முடிந்ததும் ஜரிகைத் தலைப்பாகையோடு சபைக்குப் போனார்.

"மகாராஜா, ராஜகோபுரத்தை என் கையாலேயே என் வீட்டில் கட்டிவிட்டேன். நிலைகள், பொம்மைகள், உச்சிக் கலசம், எதிலும் இம்மி வித்தியாசம் கிடையாது. இதைப் பார்த்தவர் அதைப் பார்க்க வேண்டியதே இல்லை."

"அவ்வளவு அச்சாகவா?"

"கோபுரமேதான், மகாராஜா. மந்திரியார்தான் பெரிய அறிவாளி ஆயிற்றே, வந்து ஒரே ஒரு குறை சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால்..." என்று இழுத்து, வலது பக்கத்து ஆசனத்தை ஒரு பார்வை பார்த்தார்.

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதும். "கேட்டீரா மந்திரி? நாளை உச்சிப்பொழுதில் எல்லோரும் போகிறோம். குறை சொல்லாவிட்டால் ஆசனத்தையும் முத்திரை மோதிரத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டு உம்முடைய ஊரைப் பார்க்கக் கிளம்பும்" என்றார். பஞ்சத்தில் நாட்டையே காப்பாற்றிய மந்திரியை ஒரு பொம்மைக்குப் பந்தயம் வைக்க அவருக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

"உத்தரவு" என்றார் மருதமுத்து.

மறுநாள் காலையிலேயே தில்லைநாயகம் அடுக்களைக்குள் புகுந்து மனைவி நாச்சியாரை விரட்டினார். "ரெண்டு ஆடு அடிக்கச் சொல்லு."

"ராஜா கோபுரம் பாக்க வர்றாருங்கிறீங்க. இன்னிக்குப் போய் எதுக்குங்க கறி?"

"மந்திரியாகப் போறவன் வீட்டு விருந்துடி. சொன்னதைச் செய்."

உச்சிப்பொழுதில் பல்லக்கு வந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்துக் கோபுரம் தெருவிலிருந்தே தெரிந்தது. அதைக் கண்டதும் மருதமுத்து செருப்பைக் கழற்றினார். மேல்துண்டை இடுப்பில் கட்டினார். நடுத்தெருவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"என்ன மந்திரி, மயக்கமா?" என்றார் ராஜா.

"கோபுரமேதான் என்று சபையில் சொன்னாரே, மகாராஜா. கோபுரத்துக்கு முன்னால் செருப்போடு நிற்கலாமா? பல்லக்கில் உட்காரலாமா?"

ராஜா தில்லைநாயகத்தைப் பார்த்தார். அப்போதாவது அந்த மனிதர் சிரித்து மழுப்பியிருக்கலாம். தலைக்கனம் விடுமா? "சந்தேகமே வேண்டாம் மகாராஜா, கோபுரமேதான்" என்றார்.

ராஜா இறங்கினார். வெயிலில் காய்ந்த மணல் அவருடைய பஞ்சுப் பாதங்களைப் பதம் பார்த்தது. நெருப்பு மிதிப்பவரைப் போலத் துள்ளித் துள்ளி வாசலை அடைந்து விழுந்து கும்பிட்டார். ராஜாவே கும்பிடுவதைக் கண்ட ஊர் ஜனம் சும்மா இருக்குமா? தேங்காயும் சூடமுமாக வந்து வாசற்படியில் உடைத்தும் ஏற்றியும் கும்பிட்டார்கள். அத்தனை கூட்டமும் தன் கெட்டிக்காரத்தனத்துக்கு வந்தது என்று தில்லைநாயகம் பூரித்துப்போனார்.

மருதமுத்து உள்ளே போய்க் கோபுரத்தைச் சுற்றி வந்தார். ஒரு குறையும் தென்படவில்லை. தச்சர்கள் அப்படி. நின்று மோப்பம் பிடித்தார்.

"இது என்ன வாசனை?"

"ஆட்டுக்கறி. உங்களுக்கும் சேர்த்துத்தான்."

"கோயிலுக்குள்ளேயா?" என்ற மந்திரி அண்ணாந்து பார்த்தார். "கூடத்துக்கு மேலே என்ன இருக்கிறது?"

"என் படுக்கையறை."

"அதாவது, கோபுர உச்சிக்கு மேலே காலை நீட்டிப் படுக்கிறீர். மகாராஜா, கடம்பனூரில் கோபுரத்தைவிட உயரமாக எந்த வீடும் நிற்கக் கூடாது, நின்றால் இடிக்க வேண்டும் என்பது உங்கள் பாட்டனார் போட்ட சட்டம்."

உள்ளங்கால் கொப்புளித்த எரிச்சலில் இருந்தார் ராஜா. "சட்டம் சட்டம்தான். கடப்பாரை கொண்டுவாருங்கள்" என்றார். காவலர்கள் மாடிப்படி ஏறினார்கள்.

அடுக்களைக் கதவோரம் நின்ற நாச்சியார்தான் பேசினாள். "ஏங்க, அது வெறும் பொம்மைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. இல்லேன்னா இன்னிக்கு நாம தெருவுலதான் படுக்கணும்."

மேலே முதல் செங்கல் பெயரும் சத்தம் கேட்டது. தில்லைநாயகம் ராஜாவின் காலில் விழுந்தார்.

"இது கோபுரமே இல்லை, மகாராஜா. வெறும் மரமும் சுண்ணாம்பும்."

"இம்மி வித்தியாசம் கிடையாது என்றீர்?"

"எல்லாமே வித்தியாசம். இதை நான் செய்யக்கூட இல்லை. தச்சர்கள் செய்தார்கள்."

மருதமுத்து கைகட்டிச் சொன்னார்: "மகாராஜா, நான் ஒரு குறைதான் சொல்ல வேண்டியிருந்தது. இவரே மொத்தத்தையும் சொல்லிவிட்டார்."

ராஜா கால் எரிச்சலை மறந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "இவருக்கு என்ன தண்டனை?"

"தண்டனை எதற்கு? நிஜக் கோபுரத்தில் புறாக்கள் இருக்கின்றன. இதில் இல்லை. பாவம், இம்மி வித்தியாசம் இருக்கக் கூடாது என்ற அந்த ஒரு ஆசையையாவது நிறைவேற்றி வைப்போம்."

அப்படியே உத்தரவாயிற்று. கூடத்தைவிட்டுக் கோபுரமும் நகரக் கூடாது, கோபுரத்தைவிட்டுப் புறாக்களும் நகரக் கூடாது. அதற்குப் பிறகு தில்லைநாயகம் எவ்வளவு துடைத்துக்கொண்டு கிளம்பினாலும் ஜரிகைத் தலைப்பாகையில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கும். சபைக்கு வந்ததும் ஓட்டமாகப் போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். அந்த ஆசனத்தின் அருமை அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.