கஞ்சிக்கு ஒரு சொல்

ராஜாக்கள் ஆண்ட காலத்துக் கதை இது. ஆனாலும் ராஜா யாரும் இதில் வரமாட்டார். வருகிறவர்கள் எல்லாம் பசித்தவர்கள். கேளுங்கள்.

உப்பு வண்டிகள் மேற்கே ஏறும் மலைப் பாதையில் ஒரு கஞ்சி மடம் இருந்தது. பேராச்சி என்கிற பெண் தொடங்கியது. பஞ்சம் வந்த ஒரு வருஷம் தன் வீட்டு உலையில் இரண்டு படி அரிசி கூடுதலாகப் போட்டாள். பஞ்சம் தீர்ந்த பிறகும் குறைக்கவில்லை. இருபது வருஷம் வழிப்போக்கருக்குக் கஞ்சி ஊற்றினாள். ஓர் ஐப்பசியில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் புருஷன் தீத்தாரப்பனுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அடுப்பை மூட்டினான். ஊர் ஊராகப் போய் அரிசி கேட்டான். "அவ பேருல இது நடக்கணும்" என்றான். நடந்தது. சிவப்பரிசிக் கஞ்சி, காணம் என்கிற கொள்ளில் அரைத்த துவையல், குடிக்கப் பனையோலைப் பட்டை. எதுவும் குறையவில்லை. அவள் மட்டும் இல்லை.

ஒருநாள் உப்பு வண்டிக்காரன் ஒருவன் பட்டையை நீட்டியபடி தானாகச் சொன்னான்: "பேராச்சி முதல்ல என் மாட்டுக்குத்தான் தண்ணி வைப்பா. பிறகுதான் எனக்குக் கஞ்சி."

தீத்தாரப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் வயிறார உண்டான். மறுநாள் முதல் ஒரு வழக்கம் வைத்தான். கஞ்சி வாங்குகிறவர் பேராச்சியைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். பிறகே அகப்பை சாயும்.

முதல் மாதம், தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொன்னார்கள். இரண்டாம் மாதம், தெரிந்தது தீர்ந்துபோய்க் கூட்டிச் சொன்னார்கள். மூன்றாம் மாதம், அவளைப் பார்த்தே இராதவர்களும் சொன்னார்கள். அவள் கும்பிட்டால் மழை பெய்யும் என்றான் ஒருவன். அவள் நடந்தால் புலி விலகும் என்றான் இன்னொருவன். புலி சொன்னவனுக்கு இரண்டு அகப்பை கிடைத்தது.

"ஏலே, நேத்துச் சொன்ன கதையத்தான இன்னைக்கும் சொல்லுத?" என்று வரிசையில் ஒருவன் முன்னால் நின்றவனைக் கேட்டான்.

"நேத்துக் குடிச்ச கஞ்சியத்தான இன்னைக்கும் குடிக்கேன்!"

வரிசை சிரித்தது. சிரித்தபடியே குறுகியது. கூச்சப்பட்டவர்களும் சொல் வராதவர்களும் மடத்தைத் தாண்டி, பசியோடு மலை ஏறினார்கள்.

உலை வைக்கும் மாடத்தி, "அண்ணாச்சி, பானையில பாதி மிஞ்சுது. இப்படியே போனா அடுப்ப அணைச்சிர வேண்டியதுதான்" என்றாள். அவன் காதில் வாங்கவில்லை.

சித்திரை வெயிலில், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். கிழக்கே, கிணறு வற்றிய ஏதோ ஓர் ஊர்.

"பேராச்சியப் பத்தி ஒரு சொல் சொல்லு தாயி."

"எனக்கு அவங்களத் தெரியாதே அய்யா."

பின்னால் நின்றவன் கிசுகிசுத்தான்: "தெய்வம்னு சொல்லு தங்கச்சி, ஊத்திருவாரு."

"தெரியாதவங்களத் தெரியும்னு எப்படிச் சொல்ல? பிள்ளை கேட்டுக்கிட்டு இருக்கு."

அகப்பை அந்தரத்தில் நின்றது. அவள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு வெறும் பட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பாதையில் இறங்கினாள்.

"பேராச்சி மதினி இருந்திருந்தா, அந்த அகப்பையாலேயே உங்களச் சாத்தியிருப்பா" என்றாள் மாடத்தி.

தீத்தாரப்பன் பேராச்சியின் முகத்தை நினைத்துப் பார்த்தான். மழை வந்தது. புலி வந்தது. அவள் வரவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: பசித்து வந்தவர்களிடம், கையில் அகப்பையை வைத்துக்கொண்டு, நானல்லவா பிச்சை கேட்டிருக்கிறேன்? அவர்களும், பாவம், கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள்.

சட்டி நிறையக் கஞ்சியோடு ஓடினான். மண் காலைச் சுட்டது. புளியமரத்தடியில் அவளைப் பிடித்தான்.

"இதுக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். குடி தாயி."

பிள்ளைக்குப் புகட்டினாள், பிறகு தான் குடித்தாள். கடைசி வாயை விழுங்கிவிட்டு, அவளாகவே கேட்டாள்: "யாரு அய்யா அந்தப் பேராச்சி?"

அத்தனை பேரிடம் அவன் கேட்டிருக்கிறான். அவனை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"என் பெண்டாட்டி" என்றான். "உப்பு மட்டும் அவ கைக்கு நிக்காது. ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். சொன்னா, 'நீங்க வந்து கிண்டுங்களேன்'ம்பா."

சொல்லும்போதே அந்தக் குரல், அதே இழுவையோடு, அவன் காதில் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதான். பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று முதல் மடத்தில் கேள்வி இல்லை. வரிசை மெல்ல மெல்ல நீண்டது. ஏக்கம் அவனை விட்டுப் போகவில்லை. அதை யார் பட்டையிலும் ஊற்றாமல், தானே வைத்துக்கொண்டு, சாகும்வரை உலை வைத்தான்.

கதை கேட்டவர்களே, போனவர் நினைவாகச் சோறிடுகிறவர், பசித்தவரிடம் புகழைக் கூலியாகக் கேட்கக் கூடாது.