எருமைக்குப் போன தவிடு

"வயித்தைத் தொட்டாலே கத்துது. வெளிய போயி அஞ்சு நாளாச்சு. உங்க வைத்தியம் பலிக்கலைங்க வைத்தியரம்மா!"

மூன்று வயசு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று கத்தினான் செங்கோடன். நாச்சம்மா மருந்து அரைப்பதை நிறுத்தவில்லை. அவளிடம் மூன்று வருஷமாக வைத்தியம் படிக்கிறவன் அவன். அவளைவிடப் பத்து வயசு மூத்தவன். கோபம் வந்தால் தான் சிஷ்யன் என்பதே அவனுக்கு மறந்துபோகும்.

"பேதிக்குக் குடுங்க. ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

"இன்னைக்கு முடியும். அடுத்த வாரம்?"

குழந்தை காலை இறுக்கிக்கொண்டு முனகியது. போனால் வலிக்கும் என்று பயந்து அடக்குகிறது. அடக்க அடக்க இன்னும் இறுகுகிறது. இதெல்லாம் அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன பண்ண?

"ராகிக் கூழ் குடுத்தீங்களாண்ணா?"

"பத்து நாளா ஒரு வேளை விடலை. சம்சாரத்தைக்கூட நம்பாம நானே கிண்டினேன். தண்ணி, கீரை, கொய்யாப்பழம், எல்லாம் நீங்க சொன்னபடிதான். ஆனா புள்ளை தண்ணியையும் கூழையும் தவிர எதையும் வாயில வெக்கலை."

பொய் இல்லை. நிஜமாகவே செய்தான்.

"மாவு?"

"அதுல குறையே சொல்ல முடியாதுங்க. சல்லடையில ரெண்டு தடவை, அப்புறம் துணியில ஒரு தடவை சலிச்சேன். பவுடர் மாதிரி இருந்துச்சு. பொடிப் புள்ளை வயித்துக்குள்ள முரடா ஒண்ணும் போகக்கூடாதில்லைங்களா?"

"தவிட்டை என்ன பண்ணினீங்க?"

"எருமைக்கு வெச்சேன்."

"எருமை எப்படி இருக்கு?"

"அதுக்கென்னங்க! வேளாவேளைக்குப் போட்டுத் தள்ளுது. அள்ளி மாளலை."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனான். நாச்சம்மா சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கினாள். மடியில் கிடத்தி வயிற்றை மெல்லத் தடவினாள். முனகல் கொஞ்சம் அடங்கியது.

"அண்ணா, அன்னைக்கு நான் சொன்னதைச் சொல்லுங்க. ஒரு வார்த்தை மாறக்கூடாது."

"இதுல என்னங்க இருக்கு? ராகியை அரைச்சு, சலிக்காமக் குடுங்கன்னீங்க. நானும் அலுத்துக்காமத்தானே..."

அவன் வாய் பாதியில் நின்றது.