சந்தை ரோட்டுப் படம்

“அம்மிணி, எங்க ஊட்டுக்காரம்மாவுக்கு நெனப்பு தப்பிப் போச்சு.”

ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு இதைச் சொன்னார் பொன்னுரங்கம்.

ரெஜினா வேறொருவருடைய ஹெல்மெட்டின் உள்பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“கேமரா நல்லா எடுக்குதுங்களாண்ணா?”

“கேமராவுக்கு என்ன கேடு? பாக்கறவதான் சரியில்ல.”

ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி போகிற ரோட்டில் ரெஜினாவின் கடை. பைக்கில் மலை மலையாகச் சுற்றிப் படமெடுக்கிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து, ஹெல்மெட்டில் கேமராவும் மைக்கும் மாட்டிக்கொண்டு போவார்கள். வயதில் மூத்தவர்கள்கூட அவளைக் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி கிண்டல், பாதி நிஜம். அவளும் வேண்டாமென்று சொன்னதில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் மட்டும் அவளிடம் கிடையாது.

பொன்னுரங்கம் அதற்கு நேர் எதிர். தண்ணி மோட்டார் கடை வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசியே பழகியவர். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார். ரெஜினா பிறந்தபோது அவருக்கு மீசை நன்றாக முளைத்திருந்தது. ஆனாலும் அவள் கடைக்கு வந்தால் சின்னப் பையன் மாதிரிதான் நிற்பார்.

அவர் மனைவி கமலவேணி. கல்யாணமான புதிதிலிருந்தே அவர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றியவள். கோயில், கல்யாணம், காதுகுத்து, எழவு எல்லாம் வண்டியில்தான். மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் வாராவாரம் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போயாக வேண்டும் அவளுக்கு.

போன ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். இனிமேல் பைக்கில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அத்தோடு அவள் பேச்சும் நின்றுபோனது. சோறு போடட்டுமா என்றால் தலையாட்டல். வேண்டாமா என்றாலும் அதே தலையாட்டல்.

பொன்னுரங்கம் யோசித்து யோசித்து, ரோட்டையே படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அவளுக்குக் காட்டிவிடுவது என்று முடிவுகட்டினார். அப்படித்தான் முதல்முதலில் ரெஜினாவிடம் வந்தார்.

“உச்சியில ஒட்டிருங்க அம்மிணி. ஒசரத்துல இருந்து எடுத்தா எல்லாம் தெரியும்.”

ரெஜினா தாடைப் பக்கம் ஒட்டினாள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பசை இறுக ஒரு நாள் அப்படியே வைத்திருந்தாள். மறுநாள் அவரை ஹெல்மெட் போட்டு வண்டியில் ஏறி உட்காரச் சொன்னாள்.

“எதுக்கு அம்மிணி? மேசைமேல வெச்சே திருப்பிரலாமே.”

“மேசையா வண்டி ஓட்டப் போகுது?”

அவர் ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, முதுகை வளைத்தார். அதற்கப்புறம்தான் அவள் கேமராவின் கோணத்தைத் திருப்பி வைத்தாள்.

அந்த வாரம் அவர் கொல்லிமலைக்குப் போய்ப் படமெடுத்தார். படம் பிரமாதம். சத்தம்தான் புஸ்ஸென்று காற்று மட்டும். திரும்பவும் வந்தார்.

“மைக்கை எங்கண்ணா வெச்சீங்க?”

“வாய்க்கு நேராத்தான். பேசறது வாய்தானே?”

ரெஜினா மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, கன்னப் பஞ்சுக்குள் செருகி, வயரை உள்துணிக்குள் ஒளித்துத் தைத்துக் கொடுத்தாள். அடுத்த படத்தில் பொன்னுரங்கத்தின் குரல் கணீரென்று கேட்டது. ஏற்காடு போய் வந்திருந்தார். எந்த வளைவில் எந்த வருஷம் லாரி கவிழ்ந்தது, எந்தத் தோட்டத்துக்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டுக் கொடுத்தார் என்று மலை ஏறி முடிக்கும்வரை வாய் ஓயவில்லை.

கமலவேணி பாதி பார்த்தாள்.

“நல்லாருக்குங்க,” என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மலையெல்லாம் அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அவளுக்குப் பிடித்தது சந்தை ரோடு. நேற்று அதையே எடுத்தார். எந்த ரோடு என்று அவளாகவே கண்டுபிடிக்கட்டும் என்று போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது பெரிய விரதம்.

வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுக் காட்டினார். கமலவேணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். ரோடு வந்தது. புளியமரம் வந்தது. எதிரே பஸ் வந்தது. மறுபடியும் ரோடு வந்தது.

“இது எந்த ஊருங்க?” என்றாள்.

இதைச் சொல்லிவிட்டு ரெஜினாவின் முகத்தைப் பார்த்தார் பொன்னுரங்கம்.

“வாராவாரம் போன ரோடு அம்மிணி. கண்ணக் கட்டி உட்டாலும் போயிருவா. அவளுக்கு அடையாளம் தெரியலீங்க.”

ரெஜினா பஞ்சைக் கீழே வைத்தாள்.

“பையன்கிட்டச் சொன்னேன். கோயமுத்தூருக்கு அனுப்பி வைங்கறான். மூளை டாக்டருகிட்டக் காட்டிட்டு அங்கயே வெச்சுக்கறானாம். திங்கக்கெழம கார் வருது.”

“நீங்க போகலீங்களா?”

“கடைய உட்டுட்டு எங்க போறது? அவனூட்ல எனக்கு என்ன வேலை? அவ இல்லாத ஊட்ல மட்டும் எனக்கு என்ன வேலை? பயமா இருக்குது அம்மிணி.”

தன் ஹெல்மெட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அதான் கேக்க வந்தேன். கேமராவை உச்சிக்கு மாத்திக் குடுங்க. இன்னும் கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சா கண்டுபிடிச்சிருவாளோ என்னமோ.”

“அவங்க சேலைதான் கட்டுவாங்களாண்ணா?”

“என்னது?”

“சேலையா, சுடிதாரா?”

“சேலைதான். கேமராக் கடையில கேக்கற கேள்வியா அம்மிணி இது? எந்த ஊர் சேலைன்னும் சொல்லட்டுமா?”

ரெஜினா அவருடைய ஹெல்மெட்டை எடுத்தாள். கன்னப் பஞ்சைப் பிரித்து மைக்கை வயரோடு உருவினாள். சுருட்டி அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“மைக் வேண்டாங்களா?”

“வேணுங்கண்ணா. ஹெல்மெட்டுக்கு இல்ல.”

அவருக்குப் புரியவில்லை. குரு செய்தால் ஏதாவது இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டார்.

அவள் கேமராவின் பொத்தானைத் தட்டிவிட்டு ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டினாள். தன்னுடையதையும் போட்டுக்கொண்டு, வெளியே போய்த் தன் வண்டியை எடுத்தாள்.

“ஏறுங்க. சந்தை வரைக்கும் போயிட்டு வந்துரலாம்.”

பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினார்.

“அப்படி இல்லீங்கண்ணா. ஒருபக்கமா உட்காருங்க.”

“பொம்பளையாட்டமா?”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ரோட்டை இப்படியும் அப்படியும் பார்த்தார். தெரிந்தவர்கள் யாருமில்லை. இடப்பக்கம் இரண்டு காலையும் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். பிடித்துக்கொள்ள எதுவும் சரியாக அகப்படவில்லை. பின்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பியதும் உயிரே போய்விடும் போலிருந்தது.

முதலில் பழக்கதோஷத்தில் முன்னாலேயே பார்த்தார். ரெஜினாவின் ஹெல்மெட்தான் தெரிந்தது. பள்ளம் வருகிறதா, மேடு வருகிறதா, ஒன்றும் தெரியவில்லை. கழுத்து நோக ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் இடப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு சவ்வரிசி ஆலை. களம் முழுக்க வெள்ளைவெளேரென்று காயப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காலாலேயே கிளறிவிட்டபடி நடந்தாள்.

அடுத்து நீலக் கதவு வைத்த ஒரு வீடு. வாசலில் கொடி. கொடியில் துணி.

ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர். சுவர் இடிந்த இடத்தில் முள்ளைப் போட்டு அடைத்திருந்தார்கள். முள்ளை விலக்கிவிட்டு ஒரு பெண்பிள்ளை வெளியே வந்து நெல்லிக்காய் வாங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து வந்து போயின. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது.

“அம்மிணி, அந்தப் பள்ளிக்கூடத்துச் செவத்தப் பாத்தீங்களா?”

“ம்.”

“முள்ளுக்குள்ள பூந்து வருது ஒரு புள்ள.”

“ம்.”

“பாத்தீங்களா இல்லீங்களா?”

“ரோட்டைப் பாக்கறனுங்கண்ணா.”

கொஞ்ச தூரம் சும்மா வந்தார். தள்ளி ஒரு தோட்டத்தில் கிணற்றுமேட்டில் கல்யாணப் பந்தல் போட்டிருந்தார்கள். கிணற்றுமேட்டில் யாராவது பந்தல் போடுவார்களா? யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. ரெஜினாவின் காதுப் பக்கம் குனிந்து கத்திச் சொன்னார்.

“ம்,” என்றாள் ரெஜினா.

அவருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் சொல்கிறோம், காதில் வாங்கிக்கொண்டால் என்ன குறைந்தா போய்விடுவாள் என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் கோபம் போன இடம் தெரியவில்லை. அப்புறம் சந்தை வரும்வரை வாய் திறக்கவில்லை.

சந்தை வாசலில் வண்டி திரும்பியது. வரும்போது இடப்பக்கமென்றால் ரோட்டின் மறுபக்கம். அந்தப் பக்கத்தில் அவருக்கு ஒரு வீடுகூடத் தெரியாது.

கடை வந்தது. பொன்னுரங்கம் மெதுவாக இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெஜினா அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, கேமராவை நிறுத்தினாள்.

“ஓடிட்டா இருந்துச்சு?”

“ஆமாங்க.”

“கோணம் பாக்கவே இல்லியே அம்மிணி.”

“நீங்கதான் உட்கார்ந்து பாத்தீங்களே.”

சாயங்காலம் அவர் டிவியைப் போட்டார். கமலவேணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். இன்னொரு மலையா என்கிற மாதிரி அவரைப் பார்த்தாள்.

சவ்வரிசி ஆலை வந்தது.

கமலவேணி எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, களத்துல சரசு இல்லியா? இது யாரு புதுசா?”

பொன்னுரங்கம் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் நிறுத்துங்க. அந்த நீலக் கதவு. கொடியைப் பாருங்க, பச்சக் கொழந்தத் துணி. பெத்துட்டாளாட்ட இருக்குது. நான் கடைசியாப் போறப்ப வயித்தத் தள்ளிட்டு வாசலுக்குத் தண்ணி தெளிச்சிட்டிருந்தா. மூணாவதுங்க. முன்ன ரெண்டும் பொட்டப்புள்ள.”

படத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டார்.

“செவத்த இன்னும் கட்டலியா இவங்க? நாம புது வண்டி வாங்கின வருசம் இடிஞ்சது. அந்த நெல்லிக்காக்காரம்மாவோட மகதான் இப்பக் கூடையில வெச்சிருக்கா. அம்மா போயிருச்சு.”

கிணற்றுமேட்டுப் பந்தலைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். எத்தனை மாதமாயிற்று அவள் சிரித்து. அந்தத் தோட்டத்துக்காரனுக்குப் பெண்ணே கிடைக்காமல் இருந்ததும், அவன் அம்மா வேண்டிக்கொண்டதும், கிணறு தூர்ந்துபோனதும் எல்லாம் சொன்னாள்.

திரும்பி வருகிற படத்தில் ஓர் ஓட்டு வீட்டைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“வேப்பமரத்தடியில ஒரு கயித்துக்கட்டில் கெடக்குமே. பெரியவர் உட்கார்ந்திருப்பாரு. வண்டி போனாக் கையத் தூக்குவாரு.” கொஞ்ச நேரம் அந்த வெறும் மரத்தடியையே பார்த்தாள். “கட்டிலக் காணலீங்க.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொன்னுரங்கம் ரிமோட்டைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் சுருட்டிக் கிடந்த மைக் யாருக்கென்று இப்போது புரிந்தது. திங்கட்கிழமை கார் ஞாபகமே இல்லை. தன் சொந்த ஊர் ரோட்டில் இத்தனை பேர் பிறந்து, கல்யாணம் கட்டி, செத்துப் போயிருக்கிறார்கள். ஒருத்தரைக்கூட அவருக்குத் தெரியாது. மனசு பாரமாயிற்று. கொஞ்சம் வருத்தமும் வந்தது.

“இத்தனை வெச்சிருக்கறயே வேணி. எங்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமில்ல?”

கமலவேணி டிவியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

“பின்ன இத்தன வருசம் பின்னாடி உட்கார்ந்துட்டு நான் என்னத்தைங்க பேசிட்டு வந்தேன்?”